பித்தளை அச்சா, பிளாஸ்டிக் அச்சா: நொத்தாரிசின் புடைப்பு முத்திரை

மட்டக்களப்பில் புதிதாகத் தொழில் தொடங்கும் நொத்தாரிசு (ஆவணங்களை எழுதிச் சான்றுப்படுத்தும் சட்ட அலுவலர்) ஒருவர் புடைப்பு முத்திரை செய்விக்கும்போது, கைப்பிடியின் அழகைவிட அச்சு எதனால் ஆனது என்பதையே முதலில் கேட்க வேண்டும். எந்த முத்திரையிலும் அச்சுகள் இரண்டு உண்டு. மேல் அச்சில் எழுத்துகள் இடவலம் மாறிக் குழியாகவும், கீழ் அச்சில் நேராக மேடாகவும் அமைய, இடையில் அகப்படும் தாளின் நார்கள் நெம்புகோலின் அழுத்தத்தால் குழிக்குள் தள்ளப்பட்டு எழுத்து புடைத்து நிற்கிறது.

பித்தளை அச்சு வெட்டுளியாலோ கணினி இயக்கும் செதுக்குக் கருவியாலோ செதுக்கப்படுவதால் நாளும் செலவும் கூடும். ஆயினும் அதன் விளிம்பு எளிதில் மழுங்குவதில்லை. லேசர் கதிரால் கடினப் பிளாஸ்டிக்கில் வெட்டப்படும் அச்சு விரைவாகவும் மலிவாகவும் கிடைக்கும். மெல்லிய தாளுக்கு அது போதும். உறுதிகள், அதாவது காணி உரிமை போன்றவற்றுக்கான சட்ட ஆவணங்கள், எழுதும் தடித்த தாளிலோ தமிழின் சுழிகளும் புள்ளிகளும் நாளடைவில் மங்கிவிடுகின்றன. ‘ண’, ‘ன’ வேறுபாடு தெரியாத முத்திரையை ஒரு காணி உறுதியில் பதிப்பதை என்னால் ஏற்க இயலாது.

கடற்காற்றில் பித்தளை கறுக்குமே தவிர, இரும்பைப் போலத் துருவேறாது. ஆனால் இரும்புச் சட்டத்துக்கு எண்ணெய் இடுவது இரண்டுக்கும் பொது. நெடுங்காலம் தொழில் செய்பவர் பித்தளையையே செய்விக்கட்டும்.