பட்டியலில் முப்பது பேர்

அம்மா இறந்து ஆறு மாதம் கழித்து, வீட்டு வரியைத் தங்கை பெயருக்கு மாற்ற டொரண்டோவிலிருந்து மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் ஒன்று. எது என்று எழுதப் போவதில்லை; இதில் வருகிறவர்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

பெயர் மாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை. பன்னிரண்டாம் நாள் முடிந்துவிட்டது. வரி வசூலிக்க வந்தவரோடு வாசலில் கொஞ்சம் பேசினேன். "2022இல் 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள் சார். ஏற்றியவர்கள் யாரும் தெருவுக்கு வரவில்லை. வசவு எனக்கு" என்றார், சிரித்துக்கொண்டே.

என்னை உறுத்தியது குப்பை. நான்கு நாளாக எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டி வரவில்லை. மாநகராட்சிச் செயலியில் புகார் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலை வண்டி வந்ததும் இறங்கிப் போய், ஓட்டி வந்த அக்காவிடம் வரி, குப்பைக் கட்டணம், நாங்கள் இருக்கும் ஊரில் எப்படி என்று அளக்க ஆரம்பித்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு இந்தத் தோரணை தானாக வந்துவிடுகிறது. அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "எங்கள் வார்டுக்கு எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள் சார்?" என்றார்.

பட்டியலில் முப்பது பேர். காலையில் வந்து நிற்பது பத்தொன்பது. ஒப்பந்ததாரருக்கு மாநகராட்சி ஆள் கணக்கில் பணம் கொடுக்கிறது. மிச்சப் பதினொரு பேர் காகிதத்திலேயே பெருக்கிவிட்டுக் காகிதத்திலேயே வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் கூலி யார் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். வானத்தை நோக்கிக் கையைக் காட்டினார். மேஸ்திரிக்குத் தெரியுமாம், சுகாதார ஆய்வாளருக்கும் தெரியுமாம். அதற்கு மேலே போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தபோது, கேட்பதற்கு ஆளில்லை என்று புலம்பினோம். இப்போது ஆளிருக்கிறது.

பதினொரு பேரின் தெருக்களையும் பத்தொன்பது பேர் பங்கு போட்டுக்கொள்வதால் முறைவைத்துத்தான் வர முடிகிறது. நாங்கள் பிரித்து வைக்கும் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் லாரியில் மறுபடி ஒன்றாகின்றன. இரண்டு நடை போக ஆளும் நேரமும் இல்லை. வீட்டுக்காரர்களோ, "இவளே கலக்கிவிடுகிறாள்" என்கிறார்கள். செயலியில் புகார் விழுந்தால் அந்தத் தெருவுக்கு உரியவரின் ஒருநாள் கூலியைப் பிடித்துவிடுவார்களாம். முந்தைய நாள் புகார் கொடுத்தவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தன் மகனின் கைப்பேசியோடு வந்தார். சம்பளத்தில் மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? திண்ணையில் உட்கார்ந்து, பி.எஃப். கணக்கைப் பார்க்க உதவும் மத்திய அரசின் உமங் செயலியைத் திறந்தோம். கடைசியாகப் பணம் விழுந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவர் பங்கு 12 சதவீதம் பிடித்தாகிவிட்டது, கட்டவில்லை. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு என்று 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதித் திட்டமே சொல்கிறது. இங்கே அது மாநகராட்சி. அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு இ.எஸ்.ஐ.யும் இப்படித்தான் இருக்குமோ?" என்று கேட்டார்.

2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துச் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு பணியாளர்கள் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நான் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, யார் சம்பளம் கொடுத்தால் என்ன என்று யோசித்தவன். திண்ணையில்தான் விளங்கியது.

தகவல் உரிமைச் சட்டத்தில் வார்டுப் பட்டியலும் வருகைப் பதிவும் கேட்கலாம் என்று தோன்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. என்னிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட். தங்கை எழுதினாள், பத்து ரூபாய் முத்திரை ஒட்டினோம், எங்கள் வார்டு எண்ணைத் தெளிவாகக் குறிப்பிட்டோம். அதைக் குறிப்பிடும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் நான் திரும்பிவிட்டேன். பதில் வந்தது: கேட்ட விவரங்கள் ஒப்பந்த நிறுவனத்திடம் உள்ளன.

போன வாரம் தங்கை போனில் சொன்னாள். அந்த அக்கா இப்போது வருவதில்லை. ஊரின் மறுகோடியில் வேறொரு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். போக இரண்டு பஸ். தெருவுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.

"பட்டியலில் முப்பது பேர் இருக்கிறார்களே அண்ணா" என்றாள்.