மெத்தடோனிலிருந்து புப்ரினார்பினுக்கு: காத்திருந்து மாறுவதா, சேர்த்துக் கொடுத்து மாறுவதா?

ஒரு பிரஷர் மாத்திரையை இன்று நிறுத்தி நாளை வேறொன்றைத் தொடங்கலாம். ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்கள்) அடிமைநிலைக்காக மெத்தடோன் எடுத்துவருபவர், அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான புப்ரினார்பினுக்கு அப்படி மாற முடியாது. மெத்தடோன் மூளையின் மியூ ஏற்பியை, அதாவது ஓபியாய்டுகள் ஒட்டி வேலை செய்யும் இடத்தை, முழுமையாகத் தூண்டுகிறது. புப்ரினார்பினின் தூண்டுதல் அரைகுறைதான், ஆனால் ஏற்பியைப் பிடித்துக்கொள்வதில் அது மெத்தடோனைவிட வலுவானது. மெத்தடோன் நிறைந்த உடம்பில் வழக்கமான அளவு புப்ரினார்பினைக் கொடுத்தால், அது மெத்தடோனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூண்டுதல் சட்டென்று சரியும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, வயிற்றுப் பிடிப்பு, வியர்வை, உட்காரவும் படுக்கவும் விடாத பதற்றம் எல்லாம் வந்துவிடும். இதைத்தான் விலகல் என்கிறார்கள்.

புப்ரினார்பின் மாத்திரையில் ஓபியாய்டைத் தடுக்கும் மருந்தான நாலாக்சோன் கலந்திருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாக்கின் அடியில் வைக்கும்போது நாலாக்சோன் மிகக் குறைவாகவே உடம்பில் சேரும். நாலாக்சோன் கலக்காத மாத்திரையிலும் இதே விலகல் நேரும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டையும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

முதலாவது பழைய வழி: காத்திருந்து மாறுவது. மெத்தடோனைப் படிப்படியாக நாளொன்றுக்கு 30 மி.கி. அல்லது அதற்குக் கீழே இறக்கி, அதே அளவில் ஒரு வாரமாவது தொடர்வார்கள். பிறகு மெத்தடோனை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம், பெரும்பாலும் 36 முதல் 72 மணி நேரம். கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. மெத்தடோன் உடம்பில் தங்கும் காலம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். நாடித்துடிப்பு, கண்மணி விரிவு, மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு என 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு விலகலின் கடுமையை அளக்கும் கௌஸ் (COWS) அளவுகோலில் 13-ஐத் தொட்ட பிறகே முதல் மாத்திரை, அதுவும் 2 மி.கி. ஓரிரு மணி நேரம் பார்த்து, நிலைமை மோசமாகவில்லை என்றால் அடுத்தது. முதல் நாளில் பொதுவாக 8 மி.கி. வரை, இரண்டாம் நாளில் தேவைப்பட்டால் 16 வரை.

மெத்தடோன் அளவு இறங்கிய பிறகு இது வேகமானது, கணக்கு எளிது. இதன் பலவீனம் மருந்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. 80, 100 மி.கி.யில் நிலையாக வாழ்பவரை 30-க்கு இறக்குவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் தெருச் சரக்குக்குத் திரும்புகிறார்கள்.

இரண்டாவது வழி 2016-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் விவரித்தது. அதனால் பெர்ன் முறை என்றே பெயர். மெத்தடோனைக் குறைப்பதில்லை, வழக்கமான அளவில் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே புப்ரினார்பினைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். சிறு அளவு ஏற்பிகளில் கொஞ்சத்தை மட்டுமே பிடிப்பதால் உடம்பு சரிவை உணராது. பரவலாகப் பயன்படும் ஒரு அட்டவணை இது: முதல் நாள் 0.5 மி.கி. ஒருவேளை, இரண்டாம் நாள் 0.5 இருவேளை, மூன்றாம் நாள் 1 இருவேளை, நான்காம் நாள் 2 இருவேளை, ஐந்தாம் நாள் 3 இருவேளை, ஆறாம் நாள் 4 இருவேளை, ஏழாம் நாள் 12 மி.கி., அன்றோடு மெத்தடோன் நிறுத்தம். மெத்தடோன் அளவு அதிகமாக இருந்தால் இதை இன்னும் மெதுவாக நீட்டுவதும் உண்டு.

இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் கையில்தான். 2 மி.கி. மாத்திரையைக் கால் பங்காக உடைத்தால் துண்டுகள் சமமாக வராது. இந்தியாவில் 0.4 மி.கி. மாத்திரை கிடைப்பதால், தொடக்க நாட்களுக்கு அதை வைத்தே மருத்துவர் அளவைத் திட்டமிடுவது நல்லது. மாத்திரையை விழுங்கிவிட்டால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகும். நாக்கடியில் முழுதாகக் கரையும்வரை பேச்சு, தண்ணீர், டீ எதுவும் கூடாது. கரைந்ததும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் கெடும். இன்னொரு தவறு, ‘புது மாத்திரைதான் தொடங்கியாச்சே’ என்று நாலாம் நாளில் மெத்தடோனைத் தாமாகவே விடுவது. அன்றைய அளவு புப்ரினார்பின் தனியாக விலகலைத் தடுக்கப் போதாது.

எங்கள் கருத்து இது: ஏற்கெனவே 30 மி.கி.க்குக் கீழே இருப்பவருக்குப் பழைய வழியே போதும். 60-க்கு மேல் இருப்பவருக்குப் பெர்ன் முறை. இசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின் சுழற்சிக்கு ஆகும் நேரம், மெத்தடோன் இதை நீட்டும்) 500 மில்லி விநாடியைத் தாண்டியவருக்கு எந்த வழி என்பதை இதய மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் பெர்ன் முறையில் மெத்தடோன் இன்னும் ஒரு வாரம் முழு அளவில் தொடரும். கர்ப்பிணி மெத்தடோனில் நிலையாக இருந்தால் மாற்றாமல் விடுவதே வழக்கம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு அந்த மருந்து மெத்தடோன், புப்ரினார்பின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் குறைக்கும். மாறினால் பிரச்சினை தீரும் என்று நினைக்க வேண்டாம்.

எதிர்த்திசையில், அதாவது புப்ரினார்பினிலிருந்து மெத்தடோனுக்கு, காத்திருப்பு கிடையாது. கடைசி மாத்திரைக்கு மறுநாளே தொடங்கலாம், விலகல் தூண்டப்படாது. ஆனால் உயிருக்கு ஆபத்து இந்தத் திசையில்தான் அதிகம். மெத்தடோனின் முதல் வேளை 30 மி.கி.யைத் தாண்டக் கூடாது. புப்ரினார்பின் ஏற்பியை விடாமல் பிடித்திருப்பதால் முதல் சில நாள் ‘மருந்தே வேலை செய்யவில்லை’ என்று தோன்றும். அதைக் கேட்டு அளவை வேகமாக ஏற்றினால், பிடி தளரும்போது உடம்பில் சேர்ந்திருக்கும் மெத்தடோன் மூச்சை அடக்கிவிடும். 5 முதல் 10 மி.கி. வரை, சில நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் மது, தூக்க மாத்திரை அறவே கூடாது. வழக்கத்துக்கு மாறான குறட்டையோடு எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், ‘நன்றாகத் தூங்குகிறார்’ என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.