சீவிப் பார்த்தால் தெரியும் பென்சிலின் தரம்

எழுதவும் வரையவும் பல வருடங்களாக மரப் பென்சில்தான். ஃபேபர்-காஸ்டெல் 9000, மிட்சுபிஷியின் ஹை-யூனி, டோம்போ மோனோ 100 மூன்றும் எப்போதும் மேசையில் கிடக்கும். பெயர் தெரியாத மலிவுப் பென்சில்களும் நடுநடுவே கைக்கு வரும். பென்சில் வாங்கும்போது பலரும் காகிதத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது போதாது, சீவிப் பார்க்க வேண்டும்.

காரணம், பென்சில் செய்யப்படும் விதம். மெல்லிய மரப்பலகையில் வரிசையாக அரைவட்டக் காடிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கரிக்குச்சியை வைக்கிறார்கள். அதே மாதிரி காடி வெட்டிய இன்னொரு பலகையைப் பசை தடவி மேலே கவிழ்த்து, இறுக்கிக் காய வைக்கிறார்கள். அப்புறம் மேலும் கீழும் கடைந்தால் தனித்தனிப் பென்சில்கள் கிடைக்கின்றன. காடி கொஞ்சம் விலகினாலும், கடையும்போது பலகை அசைந்தாலும் கரி நடுவில் நிற்காது. பின்முனையில் பூச்சு இல்லாத பென்சிலைத் திருப்பிப் பார்த்தால் கரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். உற்றுப் பார்த்தால் அதன் இருபுறமும் மயிரிழை போல ஒட்டுக்கோடும் ஓடும். ஹை-யூனி, மோனோ 100 இரண்டுக்கும் பின்முனை மூடியிருப்பதால் அந்த வழி கிடையாது.

கரி விலகிய பென்சிலைச் சீவினால் ஒரு பக்கம் மரம் முனைவரை ஏறி நிற்கும், மறுபக்கம் கரி நீளமாக வெளியே தெரியும். எழுதும்போது அந்த மரம் காகிதத்தைப் பிராண்டும். திட்டு விழுவது என்னவோ பாவம் ஷார்ப்னருக்கு! மேசையில் இருக்கும் மூன்றிலும் இந்தத் தொல்லை வந்ததாக நினைவில்லை. மலிவுப் பெட்டிகளில் அடிக்கடி வந்திருக்கிறது.

சீவச் சீவ முனை உடைந்து விழும் பென்சிலும் உண்டு. கரி மரத்தோடு முழு நீளத்துக்கும் ஒட்டாமல் இருந்தால், கீழே விழும்போது உள்ளேயே பல இடங்களில் முறிந்துவிடும். 9000 பல தடவை தரையில் உருண்டும் அப்படி ஆனதில்லை. 1905-இல் வந்த பென்சில் இன்னும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மரம் என்றால் பென்சில்காரர்கள் மதிப்பது இன்சென்ஸ் சிடார். கலிஃபோர்னியா, ஒரெகன் பக்கத்து மரம். இழை நேராக ஓடும், மிருதுவாக இருக்கும், அதனால் பிளேடு குறுக்கே போனாலும் சிம்பு எழாது. சுருள் உடையாமல் நீளமாக வரும், கூடவே அந்த மணமும். மலிவுப் பென்சில்களில் பெரும்பாலும் பாஸ்வுட், பாப்லர் போன்ற மரங்கள். அவற்றைச் சாயமும் மெழுகும் ஏற்றிப் பக்குவப்படுத்தினால் ஒழுங்காகவே சீவ வரும், மரத்தின் பெயரைப் பார்த்தே ஒதுக்க வேண்டியதில்லை. பக்குவம் போதாதபோதுதான் சுருள் பொடிப்பொடியாக உதிர்ந்து, சீவிய இடம் ரோமம் எழுந்தது போல நிற்கும்.

கரி விஷயம் பழையது. போரினால் இங்கிலாந்தின் கிராஃபைட் பிரான்சுக்குக் கிடைக்காமல் போனபோது, 1795-இல் கோன்தே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பார்த்தார். இன்றும் அதே முறைதான். களிமண் கூடினால் கோடு வெளிறி, கரி கெட்டியாகும். கிராஃபைட் கூடினால் கறுப்பும் மிருதுவும் கூடும். பென்சிலில் போட்டிருக்கும் எச்பி, 2பி, 4பி எல்லாம் இதைக் குறிப்பவைதான், எச்பி நடுத்தரம், பி-க்கு முன்னால் எண் கூடக் கூடக் கறுப்பும் மிருதுவும் அதிகம். சுட்ட குச்சியைச் சூடான மெழுகில் ஊற வைப்பதால்தான் காகிதத்தில் வழுக்கி ஓடுகிறது. அரைப்பதில் சோம்பல்பட்டால் எழுதும்போது திடீரென்று ஒரு மணல் துகள் நெருடும். ஹை-யூனியில் அந்த நெருடலே இல்லை. மோனோ 100 கொஞ்சம் அதிக நேரம் கூர்மை தாங்குகிறது. 9000-இன் எச்பி மற்ற இரண்டையும்விட வெளிறியது, எனக்கு அதில் 2பி-தான் சரிப்படுகிறது. எச்பி என்ற எழுத்துக்கு எல்லா நிறுவனமும் ஒரே கறுப்பைத் தருவதில்லை.

மேல் பூச்சு மெல்லிசாகப் பல தடவை ஏற்றிக் காய வைப்பது. ஒரேயடியாகத் தடிமனாகப் பூசியது சீவும் விளிம்பில் செதில் செதிலாகப் பெயரும். குறை சொல்ல வேண்டுமென்றால், மோனோ 100-இன் பளபளப்பு வியர்த்த கையில் வழுக்குகிறது. ஹை-யூனியின் 4பி ரொம்ப வேகமாகத் தேய்கிறது. நிழல் போட அதை எடுப்பேன், நீளமாக எழுத உட்கார்ந்தால் மோனோவின் எச்பி.