ஏஐ மத்தியஸ்தம்: எந்தத் தகராறுக்கு எந்த முறை?

பணம் பாக்கி என்பது ஒரு தகராறு; மதிக்கவில்லை என்பது வேறொரு தகராறு. ஏஐயிடம் போகிறவர்களில் பலர் இரண்டையும் ஒரே மாதிரிதான் கொண்டுபோகிறார்கள். சாட்பாட்டைத் திறந்து, நடந்ததை எல்லாம் கொட்டி, "யார் பக்கம் நியாயம்?" என்று கேட்கிறார்கள். இருக்கிற வழிகளில் மிக மோசமானது இதுதான்.

அதற்குத் தெரிந்தது ஒருவர் சொன்ன கதை மட்டும். போதாக்குறைக்கு, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்பதையும் வைத்தே இவை பயிற்றப்படுவதால், கேட்பவருக்கு ஆமாம் போடும் சாய்வு உள்ளேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலின் ஒரு புதுப்பிப்பை, அது அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்பதற்காகவே திரும்பப் பெற்றது. சோதித்துப் பார்ப்பது எளிது. அதே சம்பவத்தை எதிராளி சொல்வதுபோல் எழுதி, புதிய உரையாடலில் போடுங்கள். பெரும்பாலும் அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பதில் வரும். இந்த முறையில் உருப்படியான கேள்வி ஒன்றே: "இதையே அவர் எப்படிச் சொல்வார்?"

இதற்கு நேரெதிரான முறையில் இருவருமே எழுதுகிறார்கள், எந்திரம் பொது வரைவு மட்டும் தருகிறது. கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 5,700க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்து, 2024 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 'ஹாபர்மாஸ் எந்திரம்' என்று பெயர். சிறு குழுவில் ஒவ்வொருவரும் தன் கருத்தைத் தனியாக எழுதுவார். மொழி மாடல், அதாவது சாட்பாட்டுகளுக்குள் இருந்து எழுதும் மென்பொருள், பல வரைவுகளை எழுதும். எந்த வரைவை யார் எத்தனையாவது இடத்தில் வைப்பார் என்று இன்னொரு பகுதி கணிக்கும். முந்தும் வரைவு குழுவிடம் போகும். குறைகளைக் கேட்டு மறுபடி எழுதும். மனித மத்தியஸ்தர் எழுதியதையும் எந்திரம் எழுதியதையும் பக்கத்தில் வைத்தபோது பங்கேற்றவர்களின் தேர்வுகளில் 56 சதவீதம் எந்திரத்தின் பக்கம். சிறுபான்மைக் கருத்து அதில் அமுங்கிப்போகவில்லை என்பதுதான் இந்த எண்ணைவிட முக்கியம். ஆனால் அங்கே மனித மத்தியஸ்தர்களும் எழுதித்தான் தந்தார்கள். எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவில்லை. பேசியதும் பொதுக் கொள்கைகளைப் பற்றி, ஒருவர் மற்றவருக்குச் செய்த காரியத்தைப் பற்றி அல்ல.

இருவருக்குள் செய்ய சாதாரண சாட்பாட் போதும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஆளுக்கு 150 சொற்கள்: என்ன நடந்தது, என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்க முடியாது. பெயர்களை எடுத்துவிட்டு அ, ஆ என்று போடுங்கள். யாருடைய கணக்கில் செய்கிறீர்களோ அதில் நினைவக வசதியை அணைத்துவிடுங்கள். பழைய உரையாடல்கள் கணக்கின் சொந்தக்காரர் பக்கம் இழுக்கும். தீர்ப்புக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒவ்வொருவர் நிலையையும் எந்திரம் திருப்பிச் சொல்லி, "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே மூன்று வரைவுகள். தனித்தனியே வரிசைப்படுத்தி, இரண்டு வரியில் குறை எழுதித் தாருங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் இழுத்தால் சண்டை சொற்களின் மேல் திரும்பிவிடும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு வரைவு சாயும். சொல் வரம்பு அதற்காகத்தான். எதை முதலில் ஒட்டினோம் என்பதாலும் விடை மாறக்கூடும் என்பதால், அ, ஆ இடம் மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். "பரஸ்பர மரியாதையுடன் நடந்துகொள்வோம்" போன்ற வழவழா வாசகம் வந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்பது இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பொய்க்கும் உண்மைக்கும் நடுவே பாதி வழியில் நின்றுகொண்டு அதையே சமரசம் என்பது. எந்திரத்தால் நடந்ததைச் சரிபார்க்க முடியாது. நடந்தது என்ன என்பதிலேயே முரண்பாடு என்றால், ரசீது, செய்தி, தேதி இவற்றை முதலில் இருவரும் மேசையில் வையுங்கள், வரைவு பிறகு.

தொகை மட்டுமே பிரச்சினை என்றால் மொழி மாடலே வேண்டாம். மறைமுக ஏலம் போதும்: இருவரும் தம் கடைசி எண்ணை ரகசியமாகத் தருவார்கள், எண்கள் ஒன்றையொன்று தொட்டாலோ தாண்டினாலோ நடுத்தொகை, இல்லாவிட்டால் எதுவும் வெளியே வராது. 2019இல் இங்கிலாந்தில் மூன்று மாதம் இழுத்த 2,000 பவுண்டு தகராறு, 'ஸ்மார்ட்செட்டில்' மென்பொருளின் இந்த வகை முறையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

பொருள்களைப் பிரிக்க, ஸ்டீவன் பிராம்ஸும் ஆலன் டெய்லரும் தந்த புள்ளி முறை. ஆளுக்கு 100 புள்ளி. கூட்டுத் தொழிலைப் பிரிக்கும் இருவரில் அ இணையதளத்துக்கு 50, வாடிக்கையாளர் பட்டியலுக்கு 30, கருவிகளுக்கு 20 வைக்கிறார். ஆ 20, 40, 40. அதிகம் வைத்தவருக்கே முதலில் போகும்: அ கையில் 50, ஆ கையில் 80. இருவர் மதிப்பும் நெருங்கியிருக்கும் பட்டியலில் ஏழில் மூன்று பங்கை அ பக்கம் நகர்த்தினால் இருவருக்கும் ஏறத்தாழ 63. பாதிப் பாதி என்று பிரித்திருந்தால் ஆளுக்கு 50தான். எதிராளியின் புள்ளிகளை முன்கூட்டியே தெரிந்தவர் ஏமாற்றலாம் என்பதால், இருவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். கணக்கை சாட்பாட்டிடம் விடாமல் விரிதாளில் போடுங்கள்.

நூற்றுக்கணக்கானோர் என்றால் போலிஸ் (Polis) என்ற மென்பொருள். கருத்துக்கு ஏற்பு, மறுப்பு, பாஸ் மட்டும். பதில் எழுதும் பொத்தானே இல்லாததால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. எதிரெதிர் அணிகள் இரண்டும் ஏற்கும் வாக்கியங்களை அது மேலே கொண்டுவரும். 2015இல் தைவான் ஊபர் விவகாரத்தில் இதைப் பயன்படுத்தியது.

ஒருவர் மற்றவருக்கு அஞ்சுகிறார், அடி உதை நடந்திருக்கிறது, ஒருவரின் பிழைப்பு மற்றவர் கையில் இருக்கிறது என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம். விட்டுக்கொடுத்தாரா, பயந்து ஒதுங்கினாரா என்பது எழுத்தில் தெரியாது. இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்கும் மனித மத்தியஸ்தர் அதைக் கண்டுபிடிக்கக்கூடும். பேச்சை நிறுத்தவும் அவரால் முடியும். அவரிடம் சொன்னதற்குப் பல நாடுகளின் சட்டம் ரகசியக் காப்பு தருகிறது. சாட்பாட்டில் தட்டியது அப்படிக் காக்கப்படும் என்று நம்பி எதையும் எழுதாதீர்கள்.