மெஷினுக்கு உணர்வு வரணும்னா எது முக்கியம்: கோடா, வயரிங்கா?

மூளையப் பாத்து மெஷினுக்கு உணர்வு கொண்டுவரலாமான்னு பேச்சு வந்தாலே ரெண்டு தியரிதான் முதல்ல வந்து நிக்கும். ஒண்ணு பெர்னார்ட் பார்ஸ் 1988ல சொன்ன குளோபல் வொர்க்ஸ்பேஸ், இன்னொண்ணு ஜூலியோ டொனோனியோட ஐஐடி (காலேஜ் இல்ல, இன்டக்ரேட்டட் இன்ஃபர்மேஷன் தியரி), 2004ல வந்தது.

வொர்க்ஸ்பேஸ் புரியுறது ஈஸி. பாக்குறது, கேக்குறது, ஞாபகம்னு ஒவ்வொரு பகுதியும் தன் வேலைய இருட்டுல பாத்துட்டே இருக்கும், அதுல ஒண்ணு போட்டியில ஜெயிச்சா அதோட சேதி மத்த எல்லாத்துக்கும் ஒலிபரப்பாகும், அந்த ஒலிபரப்புதான் உணர்வு. கோட் எழுத ரொம்ப தோது. ஸ்டான் ஃபிராங்க்ளின் டீம் இத வெச்சுதான் அமெரிக்க கடற்படைக்கு ஐடிஏன்னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சாங்க, மாலுமிகளோட மெயில்லயே பேரம் பேசி அடுத்த போஸ்டிங் முடிவு பண்ற மாதிரி. நல்ல கிளார்க்குதான், ஆனா உள்ள யாராச்சும் இருந்தாங்கன்னு எனக்குத் தோணல.

ஐஐடி அப்படியே தலைகீழ். கோட் என்ன பண்ணுதுங்கிறது கணக்கே இல்ல, ஹார்ட்வேர்ல ஒண்ணையொண்ணு திருப்பித் திருப்பி பாதிக்கிற லூப் எவ்ளோ இருக்குங்கிறதுதான் கணக்கு, அந்த அளவுக்குப் பேரு ஃபை. இதுக்கு அவங்க காட்டுற உதாரணம் சிறுமூளை: நம்ம மூளையில இருக்குற சுமார் 8,600 கோடி நியூரான்ல 6,900 கோடி அங்கதான் இருக்கு, ஆனா அது இல்லாமலே பொறந்தவங்களுக்கும் உணர்வு இருக்கு. ஏன்னா அங்க எல்லாம் தனித்தனி வரிசையா ஓடுது, லூப் கம்மி. (அந்த ஒலிபரப்புக்கு சிறுமூளை கனெக்ட் ஆகலன்னு வொர்க்ஸ்பேஸ்காரங்களும் பதில் சொல்லிடலாம்தான்.)

ஐஐடில மாட்டிக்கிற இடமும் இருக்கு. சின்ன நெட்வொர்க்குக்கே ஃபை கணக்கு போட முடியாம எகிறிடும். 2014ல கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஸ்காட் ஆரன்சன், வெறும் லாஜிக் கேட்டுகளக் (சிப்புல இருக்குற சின்னச் சின்ன சர்க்யூட்) கட்டம் கட்டமா அடுக்குனாலே மனுஷன விட ஃபை அதிகமாக்கலாமேன்னு கேட்டாரு, டொனோனி ஆமான்னு ஒத்துக்கிட்டாரு, அங்க எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டுருச்சு.

ரெண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு 256 பேருக்குப் படம் காட்டி மூளைய அளந்த ரிசல்ட் 2025ல நேச்சர்ல வந்துச்சு. படம் மறையுறப்ப வரவேண்டிய 'பத்திக்கிறது', அதாவது அந்த ஒலிபரப்பு திடீர்னு கிளம்புற அடையாளம், சரியா வரல, அது வொர்க்ஸ்பேஸுக்கு அடி. பின்பக்க மூளையில நீடிக்க வேண்டிய ஒத்திசைவும் சிக்கல, அது ஐஐடிக்கு அடி.

செஞ்சு பாக்கணும்னா நான் வொர்க்ஸ்பேஸதான் எடுப்பேன். ஆனா ஒரே புரோகிராம ஒரு லேப்டாப்லயும், மூளை மாதிரியே வயர் பண்ண சிப்லயும் ஓட்டுனா வொர்க்ஸ்பேஸ் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லும், ஐஐடியோ லேப்டாப்ல ஒண்ணுமில்ல, சிப்புல இருக்கலாம்னு சொல்லும், வெளிய இருந்து பாக்குற நமக்கு ரெண்டும் ஒரே பதிலத்தான் டைப் பண்ணும்.