மூன்று சதமும் ஐந்து டொலரும்

2022இல் இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய மாதங்களில்தான் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இணையத்தில் கைச்செலவுக்கு வழி தேடினோம். எனக்கு ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை. வீடு டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசிக் காம்பரா. இரவு ஏழரைக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். நான் போனிலேயே செய்யும் சின்ன வேலைகளுக்குப் போனேன். தங்கச்சி, ஆட்கள் தங்கள் வேலையை விலை போட்டு விற்கும் ஃபைவர் தளத்தில் தமிழ்த் தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று கடை விரித்தாள். ஒன்றரை வருடம் கழித்து நான் சின்ன வேலைகளை விட்டுவிட்டு அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். ஆகவே நான் யார் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

சின்ன வேலை என்றால் என்னவென்று பலருக்குத் தெரியும். படத்தில் கடைப் பெயர்ப்பலகை இருக்கிறதா, ரசீதில் மொத்தத் தொகை எவ்வளவு, இரண்டு தேடல் முடிவுகளில் எது பொருத்தம், இப்படி. 2005இல் அமேசன் இதற்கென்று தொடங்கிய தளத்துக்கு மெக்கானிக்கல் டர்க் என்று பெயர் வைத்தது. 1770இல் ஐரோப்பாவில் தானாகச் சதுரங்கம் ஆடுகிறது என்று காட்டிய பொம்மையின் பெயர் அது. உண்மையில் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்துதான் ஆடினார். ஒளிவு மறைவில்லாமல் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இதன் நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. உலை கொதித்தால் எழுந்து போகலாம். அமெரிக்காவில் விடியும்போது நமக்குப் பொழுது சாய்ந்திருக்கும், அதனால் வேலைகள் நம் ஓய்வு நேரத்தில்தான் வரும். லெப்டொப்பும் வேண்டாம். ஃபைவரில் அப்படியில்லை. வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் உடனே பதில் போடவேண்டும். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லாவிட்டால் கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாத நாட்களில் தங்கச்சி போனைச் சார்ஜ் போட என் மருந்துக்கடைக்குக் கொடுத்து விட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு முதல் ஓடர் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான்தான் வீட்டில் கெட்டிக்காரன்.

சரி, பிறகு ஏன் மாறினேன்? பணம் கைக்கு வரும் வழிதான் காரணம். வேலை இருக்கிறதா, எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எப்படி எடுப்பாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் சேர்ந்தபோது இலங்கையிலிருந்து பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் அனுப்பலாம், வாங்க முடியாது. எனவே இரண்டு பேருக்குமே, வெளிநாட்டுப் பணத்தை வாங்கி நம் வங்கிக்கு மாற்றித் தரும் பேயோனியர்தான். அப்போது அதில் வங்கிக்கு மாற்றக் குறைந்தது 50 டொலர் சேரவேண்டியிருந்தது. 12 மாதத்தில் 2000 டொலருக்குக் குறைவாக வந்தால் வருடக் கட்டணம் 29.95 டொலராக இருந்தது. இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு டொலர் கணக்கில் மூன்று சதம், நான்கு சதம். இடையில் வேலை வராத நேரத்தையும் சேர்த்து, இரண்டு மணிநேரத்தில் எனக்குச் சராசரியாக 80 சதம் கிடைத்தது. டொலர் 300 ரூபாய் என்றால் 240 ரூபாய், அதிலும் டேட்டாவுக்குப் போட்ட ரீலோட் தனி. 50 டொலர் சேர அறுபதுக்கும் மேற்பட்ட இரவுகள். மாதம் 25 இரவு உட்கார்ந்தாலும் வருடத்துக்கு 240 டொலர்தான், அதில் எட்டில் ஒரு பங்கைக் கட்டணமே தின்றுவிடும்.

தங்கச்சிக்கு 5 டொலர் ஓடரில் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு 4 டொலர் தரும். அதுவும் 14 நாள் காத்திருந்த பிறகு. ஆனால் 13 ஓடரில் 50 தாண்டிவிடும். இப்போது மாதம் எட்டு ஓடர் அளவில் வருகிறது. பேயோனியரின் அதே வருடக் கட்டணம் அவளுக்குப் பதின்மூன்றில் ஒரு பங்குதான். எங்களைப் போல மூன்று மொழியும் ஓரளவு தெரிந்தவர்களுக்குக் கையெழுத்துப் பக்கத்தைத் தமிழில் அடித்துக் கொடுப்பதும் சிங்கள அறிவித்தலைத் தமிழாக்குவதும் கஷ்டமான வேலையில்லை. வேலை நன்றாக இருந்தால் ஆள் திரும்ப வருகிறார், விலையும் ஏறுகிறது. எனக்கோ முதல் வேலைக்கும் ஆயிரமாவது வேலைக்கும் அதே மூன்று சதம்.

இன்னொரு சிக்கல் விலாசம். நான் இருந்த ஒரு தளம் முதல் முறை பணம் எடுக்கும்போது இரகசிய எண்ணைத் தபாலில்தான் அனுப்பும். லயத்து வீட்டுக்கு எங்கே தனி விலாசம்? தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். என் கடிதம் முதல் தடவை வரவேயில்லை. இரண்டாவது தடவை மருந்துக்கடை விலாசத்தைக் கொடுத்துத்தான் வாங்கினேன். அப்புறம் பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்பது நம் தோட்டங்களில் புதிதல்ல. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் நம்மில் பலருக்குப் பெயர். கணக்கின் பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் அங்கேயே நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் இதை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

கருத்துக்கணிப்புத் தளங்கள்? பத்துக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு நீங்கள் தகுதியில்லை என்பார்கள். அதற்கு மேல் நான் போகவில்லை. வட்ஸ்அப்பில் வரும் 'லைக் போட்டால் பணம்' வேலைகள் வேறு ரகம். முதலில் கொஞ்சம் தந்து ஆசை காட்டுவார்கள், பிறகு கட்டச் சொல்வார்கள். கட்டச் சொன்ன உடனே விட்டுவிடுங்கள்.

லெப்டொப் இல்லாமல், இங்கிலீஷில் பதில் எழுதத் தயங்குபவருக்கு ஃபைவர் சரிவருமா? எங்கள் வீட்டில் லெப்டொப் இருந்தது, அதனால் துணிந்து ஆமென்று சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சின்ன வேலைதான் வாசல். குரல் பதிவு வேலைகளுக்கு மூன்று சதத்தைவிட நல்ல விலை. தமிழில் வாக்கியங்களை வாசித்து அனுப்பவேண்டும். ஆடி மாதம் ஒரு வாரம் செய்து பார்த்தேன். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் என் குரலைவிடத் தெளிவாகப் பதிந்திருந்தது. எல்லாமே திரும்பி வந்தன. தை மாதம் பனிக்காலத்தில் மறுபடி முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன்.