அரிப்புக்கு என்று மெடிக்கலில் தரும் ட்யூப்: தடவுமுன் இதைப் படியுங்கள்

மெடிக்கல் கடைக்குப் போய் "இடுப்புல அரிக்குது, ஏதாவது ஆயின்மெண்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். என் தம்பிக்கு நடந்ததை அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "என்கூட ரூம்ல இருக்கறவங்களுக்காவது உதவும், எழுதுக்கா" என்று அவனே சொன்னான்.

தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் வேலை செய்கிறான். நாள் முழுக்க நீராவிச் சூடு, வியர்வையில் நனைந்த ஜீன்ஸ். தொடை இடுக்கில் வட்டமாக ஒரு படை வந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து இருந்தது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் படர்தாமரை என்று சொல்லிவிடுவார்கள். அது பூஞ்சைத் தொற்று, பூஞ்சையைக் கொல்லும் மருந்து மட்டும் போதும்.

ரூமுக்குப் பக்கத்துக் கடையில் கேட்டிருக்கிறான். கடைக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, ட்யூபை மட்டும் தாளில் சுற்றிக் கொடுத்தார். பில் கிடையாது. "ஸ்டிராய்டு எதுவும் இருக்காண்ணா?" என்று தம்பி தெளிவாகவே கேட்டிருக்கிறான். "அதெல்லாம் இல்ல தம்பி, சாதாரண அரிப்பு மருந்து. எல்லாரும் வாங்கறதுதான்" என்று பதில் வந்தது.

அது அப்பட்டமான பொய். அந்த ட்யூபை நான் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பொடி எழுத்தில் முதல் பெயரே க்ளோபீட்டசால் புரொபியோனேட் 0.05 சதவீதம். தோலில் தடவும் ஸ்டிராய்டுகளில் மிகவும் வீரியமான வகை அது. அதோடு ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். அதாவது ஒரு ஸ்டிராய்டு, பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபா போன்ற கிருமிகளுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று. என்ன நோய் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிற கலவை இது. இந்த மாதிரிக் கலவைகள் வெவ்வேறு பெயர்களில் நாடு முழுக்க விற்பனையில் இருக்கின்றன. அந்த ட்யூபிலேயே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கையும் அச்சாகியிருந்தது.

தடவியதும் அரிப்பு நின்றுவிட்டது. ஏமாற்று வேலையின் மையமே இதுதான். தோல் சிவப்பதும் அரிப்பதும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு போராடுவதால் வருவது. ஸ்டிராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்தினால் அரிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். மறுபடி கடை. கடைக்காரரோ "தொடர்ந்து போடணும் தம்பி, ரெண்டு ட்யூபா வாங்கிக்கோ" என்றிருக்கிறார். தொடையில் இருந்தது பிட்டத்துக்கும் அடிவயிற்றுக்கும் ஏறியது. வட்ட ஓரம் கலைந்து, படர்தாமரை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத அளவுக்கு உருமாறிவிட்டது. ஒரே கொடியில் துண்டு காயப்போடும் ரூம் அது, இன்னும் இருவருக்கும் வந்துவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அரசு மருத்துவமனை தோல் பிரிவு ஓ.பி.க்கு அழைத்துப் போனேன். அங்கே தோலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை நிறைய இருந்தது. டாக்டர் அந்த ட்யூபை உடனே நிறுத்தச் சொல்லி, இட்ரகோனசோல் மாத்திரையும் ஸ்டிராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும் எழுதினார். களிம்பைப் படை தெரியும் இடத்தில் மட்டும் இல்லாமல், அதைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை தடவச் சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டு, உள்ளாடையைத் திருப்பிப்போட்டு வெயிலில் காயவைப்பது, ரூமில் தொற்று உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டபின் அரிப்பு போனது. ஆனால் தொடையின் உட்பக்கம் தோல் மெலிந்து, பிரசவமான வயிற்றில் விழுவதுபோல் வரிகள் விழுந்துவிட்டன. நிறம் மங்குமே தவிர அவை முழுதாக மறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயதுப் பையன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

இன்னொன்றையும் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். இப்போது படர்தாமரை பழைய மாதிரி சுலபமாகக் கேட்பதில்லையாம். டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டது இதைத்தான். இந்தக் கலவைக் களிம்புகளை இஷ்டத்துக்கு விற்றதும் அது பரவ ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. 2018-இல் மத்திய அரசு தோலில் தடவும் 14 ஸ்டிராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. எங்கள் கடைவீதியில் அதற்கான அடையாளமே இல்லை.

கதை இங்கே முடியவில்லை. தம்பிக்கு நடந்ததைக் கேட்ட அம்மா, என் மகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டார். குழந்தைக்குக் கரப்பான், அதாவது எக்சிமா. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து வரும். "அதுவும் ஸ்டிராய்டுதானே, புள்ளைக்கு வேண்டாம்" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தை ராத்திரி முழுக்க ரத்தம் வரச் சொறிந்தாள்.

மகளின் டாக்டர் விளக்கியதை அம்மாவையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். படர்தாமரையில் கிருமி இருக்கிறது, அங்கே ஸ்டிராய்டு போட்டால் கிருமிதான் பரவும். கரப்பானில் தோல் சிவந்து அரிக்கும் அழற்சியேதான் நோய், அதற்கு ஸ்டிராய்டு சரியான மருந்து. குழந்தைக்குக் கொடுத்தது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம், வீரியம் மிகக் குறைந்த வகை. தம்பி தடவியதோடு அதை ஒப்பிடவே கூடாது.

அளவையும் காட்டினார். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். சிவந்திருக்கும் இடத்தில் மட்டும், அவர் சொன்ன நாட்கள் வரை, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் தோல் காயாமல் இருக்க மாய்ஸ்சரைசர் தாராளமாக. பயந்துகொண்டு பட்டும் படாமலும் தடவினால் அழற்சி அடங்காது, கடைசியில் அதிக நாள் தடவவேண்டி வரும் என்றார். இது எனக்குப் புதிய விஷயம்.

எங்கே தடவுகிறோம் என்பது இன்னும் முக்கியம். கண்ணிமை, முகம், அக்குள், தொடை இடுக்கு, குழந்தைக்கு டயப்பர் மூடும் இடம் எல்லாம் மருந்தை அதிகமாக உறிஞ்சும். முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் ஏறக்குறைய 40 மடங்கு உறிஞ்சுகிறது என்று 1967-லேயே ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்திருக்கிறார்கள். க்ளோபீட்டசாலைப் பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போடக்கூடாது. அதைத்தான் ஒருவர் கூசாமல் தொடை இடுக்குக்குக் கொடுத்து, இரண்டு ட்யூபாக வாங்கிக்கோ என்றார்.

முகம் வெளுக்க என்று பார்லர்களிலும் மெடிக்கல்களிலும் தரும் க்ரீம்களிலும் மொமெட்டசோன் போன்ற ஸ்டிராய்டு இருக்கலாம். தடவியதும் பளிச்சென்று ஆகும், விட்டால் முகம் எரிந்து சிவந்து பருவாகக் கொட்டும். தங்கைகளே, பெயர் அச்சடிக்காத டப்பாவில் வருகிற எதையும் முகத்தில் போடாதீர்கள்.

ட்யூபில் க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டிராய்டு. டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள், பேட்ச் எண் போட்ட பில் கேளுங்கள். ஏற்கனவே மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தால் ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். மருந்தால் பாதிப்பு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

தம்பி ட்யூப் வாங்கிய கடைக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். "பில் இருக்காக்கா? நாங்க கொடுத்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு ட்யூப் படம், மருத்துவமனைச் சீட்டின் நகல் இரண்டையும் வைத்துப் புகார் எழுதியிருக்கிறேன். தம்பியின் ரூம் நண்பர்கள் இருவரும் அதே கடையில்தான் வாங்கினார்கள், அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.